நீரில் இல்லை

ஜூன் 2, திங்கள்

இன்று முதல் அலுவலகத்தில் எல்லாம் தமிழ். ஆய்வக மேலாளர் இளங்கீரன் காலையிலேயே எங்களை வரிசையாக நிற்கவைத்துச் சொல்லிவிட்டார். படிவம், பதிவேடு, பாட்டிலில் ஒட்டும் சீட்டு எதிலும் இனி ஓர் ஆங்கில எழுத்துகூடத் தென்படக் கூடாதாம். அவர் பிழையில்லாமல் தமிழ் எழுதுபவர். ஒற்று எங்கே மிகும், எங்கே மிகாது என்பதெல்லாம் அவருக்கு விரல் நுனியில். நிலத்தடி நீர் பற்றி அந்த அளவுக்குச் சொல்ல முடியாது.

என் வேலை இதுதான். நிலக்கரிச் சுரங்கத்தைச் சுற்றி இருபத்திரண்டு கண்காணிப்புக் கிணறுகள் இருக்கின்றன. கிணறு என்றால் குதித்துக் குளிக்கிற கிணறு அல்ல. தொண்ணூறு மீட்டர் ஆழத்துக்கு இறக்கிய நாலு அங்குலக் குழாய், மேலே ஒரு மூடி, பக்கத்தில் கம்பத்தில் எண் எழுதிய தகரப் பலகை, அவ்வளவுதான். மாதம் ஒருமுறை டேப்பை இறக்கி நீர்மட்டம் பார்ப்பேன். பிறகு பெய்லரை இறக்குவேன். கயிற்றில் கட்டிய நீளமான குழல் அது. அதில் வரும் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து, சீட்டு ஒட்டி, ஆய்வகத்தில் கொடுப்பேன். ஒன்பது வருடமாகச் செய்கிறேன். இன்னும் ஒப்பந்த ஊழியன். செப்டம்பரில் நிரந்தரம் ஆக்குவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆறு வருடமாகவே செப்டம்பர் என்றுதான் சொல்கிறார்கள்.

இன்று சின்ன நரியங்குப்பம் போனேன். அங்கே இருப்பது பதினான்காம் கிணறு. ஒரு வருடமாக வறண்டு கிடக்கிறது. சுரங்கக் குழிக்குள் தண்ணீர் புகாமலிருக்கப் பூமியிலிருந்து ஓயாமல் இறைக்கிறார்கள், இறைத்தால் குறையத்தானே செய்யும். போன மாதம் வரை படிவத்தில் ஆங்கிலத்தில் ‘டிரை’ என்று எழுதுவேன். அந்த ஒரு சொல்லுக்காக ஊருக்குத் தினமும் ஒரு லாரி தண்ணீர் போகும். இன்று தமிழ் என்பதால் எட்டுக் கட்டங்களிலும் ‘இல்லை’ என்று எழுதினேன். என் கையெழுத்தை நானே மெச்சிக்கொள்ளக் கூடாது. ஆனாலும் அந்த லகரத்தைச் சுழித்ததில் ஓர் அழகு இருந்தது.

முருங்கையில் கம்பளிப்பூச்சி. மனைவி ராசகுமாரி மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

ஜூன் 6

முருங்கைக் கிளையை வெட்டினேன். பூச்சி என் சட்டைக்குள் போய்விட்டது. முதுகெல்லாம் தடிப்பு.

ஜூன் 19

அறிவிப்புப் பலகையில் முடிவுகளை ஒட்டியிருக்கிறார்கள். இருபத்திரண்டு கிணறுகளில் முதலிடம் பதினான்காம் கிணற்றுக்கு. இரும்பு: இல்லை. ஃபுளோரைடு: இல்லை. கந்தகம்: இல்லை. நாற்றம்: இல்லை. கலங்கல்: இல்லை. இத்தனை வருடத்தில் இவ்வளவு சுத்தமான தண்ணீரைப் பார்த்ததே இல்லை என்று மேலாளர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பக்கத்தில் சுரங்கம் இருந்தும் இப்படி ஒரு கிணறு என்றால் அது நம் பராமரிப்புக்குக் கிடைத்த சான்று என்றார். என் நிரந்தரக் கோப்பிலும் இதை ஒரு தாளாக வைத்திருக்கிறாராம்.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் ஜிலேபி வந்துவிட்டது.

ஜூன் 24

டீக்கடையில் தண்ணீர் லாரி டிரைவர் பாவாடையைப் பார்த்தேன். நரியங்குப்பத்துக்கு இனி லோடு கிடையாதாம். “நல்ல தண்ணி கெடைக்கிற ஊராமே அண்ணே, காயிதத்துல அப்படித்தான் போட்ருக்கு” என்றான். நான் வடையைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன். வடை ஊசிப்போயிருந்தது.

ஜூன் 26

இன்று அஞ்சலாட்சி அலுவலகத்துக்கு வந்தார். சின்ன நரியங்குப்பத்தின் வார்டு உறுப்பினர், ஐம்பது வயதிருக்கும். பிழைப்புக்கு முந்திரிக்கொட்டை உடைக்கிறார். கொட்டையின் பால் பட்டுப் பட்டு விரல் நுனிகள் கறுத்துப் போயிருக்கின்றன. வரவேற்பறையில் யாரையும் கேட்காமல் நேராக என் மேசைக்கு வந்தார். ஊர்க்காரர்கள் என்னைப் ‘பாட்டில் சாரு’ என்பார்கள். பெயர் தனக்கோடி என்று எத்தனையோ முறை சொல்லியாயிற்று.

ஊரில் அறுபத்திரண்டு வீடு. பள்ளிக்கூடத்து அடிபம்பில் விடிந்ததும் வீட்டுக்கு அரைக் குடம், அதுவும் செங்கல் நிறத்தில் வருகிறது. குடிக்க மூன்று மைல் போகிறார்கள். இதையெல்லாம் சத்தம் போடாமல் சொன்னார். கடைசியில் கேட்டது மட்டும் தைத்தது.

“ஏன் சாரு, எங்களுக்கே தண்ணி காட்டுறீங்களா?”

ஏய்ப்பதற்கு ‘தண்ணி காட்டுவது’ என்று பெயர் வைத்தவர் எங்கள் ஆய்வகத்தில்தான் வேலை பார்த்திருக்க வேண்டும். எழுத்துப் பிழை, அடுத்த மாதம் சரியாகிவிடும் என்று சமாதானம் சொல்லி அனுப்பினேன். பிழை யாருடையது என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஜூலை 2

இம்முறை விட்டுவைக்கவில்லை. படிவத்தின் குறுக்கே சிவப்பு மையில் பெரிதாக ‘நீர் இல்லை’ என்று எழுதினேன். இதை யாரும் மாற்றிப் படிக்க முடியாது.

ஜூலை 11

மாற்றிப் படித்துவிட்டார்கள்.

மேலாளர் என்னைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரச் சொன்னார். படிவத்தை விரித்து, நான் அவசரத்தில் ஏழாம் வேற்றுமை உருபை விட்டுவிட்டேன் என்றார். கட்டத்தின் தலைப்பு ‘கலந்துள்ள பொருள்கள்’. அதற்கு ‘நீர் இல்லை’ என்பது பொருந்தாத விடை. ‘நீரில் இல்லை’ என்றுதான் நான் எழுத நினைத்திருக்க வேண்டும். அவரே தம் கையால் ஓர் ‘இல்’ சேர்த்துத் திருத்தி, சுருக்கொப்பம் போட்டு, மேலே அனுப்பிவிட்டார். தமிழில் எழுதத் தொடங்கும்போது இப்படி நேர்வது இயல்புதான், வெட்கப்பட வேண்டாம் என்றார். இலக்கணப் புத்தகம் ஒன்றும் கொடுத்தார்.

பதினான்காம் கிணறு தொடர்ந்து இரண்டாம் மாதமாக முதலிடம்.

ஜூலை 14

வாயால் சொல்லிப் பார்த்தேன். “சார், கிணத்துல தண்ணியே இல்ல சார்” என்று. மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எதையும் மாதிரி இல்லாமல் ஏற்க முடியாது, தண்ணீர் இல்லை என்றால் அதற்கான மாதிரியைக் கொண்டு வாருங்கள் என்றார். நியாயமாகத்தான் பட்டது, வீட்டுக்கு வந்து யோசிக்கும் வரை.

ஜூலை 15

நரியங்குப்பம் போய்ப் பெய்லரை இறக்கினேன். வெறுமனே வந்தது. அதை விதிப்படி பாட்டிலில் கவிழ்த்து, மூடி, அரக்கு வைத்து, தேதி நேரம் எழுதிச் சீட்டு ஒட்டினேன். இதைவிடச் சரியான மாதிரியை இந்த ஒன்பது வருடத்தில் நான் எடுத்ததில்லை.

ஜூலை 22

வெற்றுப் பாட்டில் தேறிவிட்டது. எந்தக் கலப்பும் இல்லை. குப்பியின் தூய்மை பாராட்டத்தக்கது என்று ஒரு வரி கூடுதலாக வந்திருக்கிறது. ஆனால் தரச் சான்றிதழ் தருவதற்குக் குறைந்தது இரண்டு லிட்டர் வேண்டுமாம். அனுப்பிய அளவு போதவில்லை.

ராசகுமாரிக்கு மிக்சி ஜாரின் பிளேடு மாற்ற வேண்டும். மறந்துவிட்டேன்.

ஜூலை 30

அந்த இரண்டு லிட்டருக்காகக் கூட்டம் போட்டார்கள். சிறப்பான கிணறு, தண்ணீர் மட்டும் சற்றுக் கீழே போயிருக்கிறது, சனிக்கிழமை ஒரு லாரி தண்ணீரை உள்ளே ஊற்றிவிட்டு மாதிரி எடுக்கலாம் என்று முடிவானது. நான் கையைத் தூக்கினேன். விடுப்பு கேட்கிறேன் என்று நினைத்து, கூட்டம் முடிந்ததும் பேசலாம் என்றார் மேலாளர்.

ஆகஸ்ட் 2, சனி

இன்று நடந்ததை எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

பாவாடை லாரியைக் கொண்டுவந்து நிறுத்தியதும் ஊரே குடத்தோடு ஓடி வந்தது. அவன் இறங்கி, குழாயைக் கிணற்று வாயில் செருகித் திறந்துவிட்டான். பன்னிரண்டாயிரம் லிட்டர் பூமிக்குள் போனது. பெண்கள் குடத்தை இடுப்பில் வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கிழவர், ஒரே ஒரு சொம்பு பிடித்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். பாவாடை தலையைக் குனிந்துகொண்டு, “கெணத்துக்கு மட்டும்தான் ஊத்தச் சொல்லி ஆர்டருங்க” என்றான். எல்லாவற்றையும் குடித்துவிட்டு அந்தக் கிணறு பழையபடி வறண்டது. என் பெய்லரில் கொஞ்சம் சேறு வந்தது. சேறு தேறாது. அடுத்த சனிக்கிழமை மறுபடி ஊற்ற வேண்டும்.

எனக்கு அவமானமாக இருந்தது. யாராவது திட்டியிருந்தால் பரவாயில்லை, ஒருவரும் திட்டவில்லை. அஞ்சலாட்சி மட்டும் பலகையைச் சுற்றிச் சுற்றி வந்தார். கிணறு எது என்று டிரைவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். பலகை இருக்கிற இடம்தான் கிணறு என்றேன். பலகையில் எத்தனை போல்ட் என்று கேட்டார். நாலு, பதினாலாம் நம்பர் ஸ்பானர் வேண்டும் என்றேன். பேரனுடைய சைக்கிளைக் கழற்ற ஒரு ஸ்பானர் தேவைப்படுகிறது என்றார். கொடுத்தேன். எத்தனையாம் நம்பர் என்று நினைவில்லை.

ஆகஸ்ட் 9, சனி

பதினான்காம் கிணற்றின் பலகை மாரியம்மன் கோயிலுக்குப் பக்கத்தில், ஊர்ப் பொதுத் தொட்டியில் மாட்டியிருந்தது. மேடை மேல் இருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி அது. பாவாடை பலகையைப் பார்த்தான், தொட்டியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். நான் டயரில் காற்று இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் தொட்டிக்குள் ஊற்றினான். ஆர்டர்படிதான்.

விதிப்படி நானும் பலகை உள்ள இடத்தில் மாதிரி எடுத்தேன். ஏணி வைத்து ஏற வேண்டியிருந்தது. நல்ல தண்ணீர். நீர்மட்டம் என்ற கட்டத்தில் ‘தரைக்குக் கீழே எத்தனை மீட்டர்’ என்று அச்சடித்திருக்கிறார்கள். ‘கீழே’யை அடித்துவிட்டு ‘மேலே’ என்று எழுதினேன். இரண்டு புள்ளி நாலு. அளவில் நான் எப்போதும் பொய் எழுதியதில்லை.

இறங்கியபோது ஒரு பெண் சொம்பில் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். ஊரே கலகலப்பாக இருந்தது. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஆகஸ்ட் 20

மேலாளர் கூப்பிட்டனுப்பினார். மாட்டிக்கொண்டோம் என்று ராசகுமாரிக்குப் போன் செய்துவிட்டுப் போனேன். அவர் எழுந்து வந்து கட்டிப்பிடித்தார். இந்தப் பக்கத்து ஊர்களில் ஒரு காலத்தில் குழாய் இறக்கினால் போதுமாம், மோட்டார் இல்லாமலே தண்ணீர் ஆள் உயரத்துக்குப் பீறிடுமாம். அந்தப் பொங்கு ஊற்று திரும்பிவிட்டது என்றார். கண் கலங்கியிருந்தது அவருக்கு. நல்ல மனிதர்தான். அதுதான் கஷ்டம்.

அஞ்சலாட்சியும் சும்மா இருக்கவில்லை. வாரம் ஒரு லாரி ஊற்றுவதால்தான் ஊற்று பொங்குகிறது, தினம் ஊற்றினால் இன்னும் பொங்கும் என்று மனு கொடுத்திருக்கிறார். மேலாளர் அனுமதித்துவிட்டார்.

செப்டம்பர் 3

நிரந்தரப் பட்டியலில் என் பெயர். மூன்றாவது பெயர். தனக்கோடி என்று ஒற்றுப்பிழை இல்லாமல் அச்சாகியிருக்கிறது. ராசகுமாரி குவார்ட்டர்ஸ் ஜன்னலுக்குத் திரைச்சீலை அளவெடுத்தாள். ஒன்பது வருடமாக அளவெடுக்காமல் இருந்தவள். இன்று மிக்சி பிளேடும் மாற்றினேன்.

செப்டம்பர் 12

பூமிக்குள் தண்ணீர் அழுத்தம் கூடினால் சுரங்கத்தின் தரை உப்பி உடைந்துவிடும். இது எனக்கும் தெரிந்ததுதான், ஒன்பது வருடமாகக் காதில் விழுகிற பாடம். அது நினைவுக்கு வராமல் போனது எப்படி என்று தெரியவில்லை. பதினான்காம் கிணற்றில் ஊற்று பொங்குகிறது என்ற அறிக்கையைப் பார்த்துச் சுரங்கக்காரர்கள் பயந்துபோயிருக்கிறார்கள். அழுத்தத்தைக் குறைக்கச் சின்ன நரியங்குப்பத்தைச் சுற்றி நாலு ராட்சத பம்பு இறக்கப்போகிறார்கள். இருபத்தேழாம் தேதி ஊரிலேயே விழா. ஊற்று மீண்டதற்கும் அதை இறைக்கப்போவதற்கும் சேர்த்து ஒரே மேடை. சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து பெரிய இயக்குநர் ஒருவர் வந்து கிணற்று நீரைப் பருகிப் பம்பைத் தொடங்கிவைப்பார். நிரந்தர ஆணைகளையும் அந்த மேடையில் அவர் கையால்தான் கொடுக்கப்போகிறார்களாம்.

செப்டம்பர் 14

ஞாயிற்றுக்கிழமை. அஞ்சலாட்சி வீட்டுக்கே வந்துவிட்டார். ராசகுமாரி காபி கொடுத்தாள். டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு குடிக்காமலே இருந்தார்.

“பம்பு போட்டா பள்ளிக்கூடத்து அடிபம்பும் போயிடும் சாரு. அரைக் கொடம் வர்றதும் நின்னுடும். நீங்க எழுதுனத வச்சுத்தான் போடுறாங்க.”

தொட்டியில் பலகை மாட்டியது நானல்ல என்று சொன்னேன். உண்மையைச் சொன்னால் மறுநாளே லாரி நின்றுவிடுமே என்றேன்.

“லாரி நின்னா நடந்து போவோம். நடந்து பழக்கந்தான். அடியில கெடக்கிறதையும் உறிஞ்சிட்டாங்கன்னா, எங்க புள்ளைங்க எங்க சாரு நடந்து போவும்?”

காபி ஆறிவிட்டது. ராசகுமாரி வேறு சுடவைத்துக் கொண்டுவந்தாள். அவர் போன பிறகு அவள் திரைச்சீலைத் துணியை மடித்து அலமாரியில் வைத்தாள்.

செப்டம்பர் 25

அஞ்சலாட்சியிடமிருந்து என் ஸ்பானரைத் திரும்ப வாங்கிப் பையில் போட்டேன்.

செப்டம்பர் 27, சனி

வரிசையாக எழுதுகிறேன். பிற்காலத்தில் யாராவது கேட்டால் உதவும்.

காலை ஏழு மணிக்கு நான் நரியங்குப்பம் போனபோது பலகை தொட்டியில் இல்லை. பழைய இடத்தில், வறண்ட குழாய்க்குப் பக்கத்தில் இருந்தது. யார் மாற்றினார்கள் என்று தெரியாது. என் பையில் ஸ்பானர் இருந்தது உண்மை. என் பையில் அது எப்போதும் இருக்கும். சட்டையில் துரு ஒட்டியிருந்ததும் உண்மை.

பலகை இருக்கிற இடம்தான் கிணறு என்பதால் பந்தல்காரர்கள் மேடையை அங்கேயே போட்டார்கள். வெள்ளைத் துணி விரித்த மேசை, பூச்செண்டு, ஏழு எவர்சில்வர் டம்ளர். பத்தரை மணிக்கு இயக்குநர் வந்தார். மேலாளர் அழகான தமிழில் வரவேற்றார். ஊற்றுக்கே பத்து நிமிடம். பிறகு, அந்த ஊற்றைக் கண்டவர் என்று என்னை மேடைக்கு அழைத்து நீர் எடுத்துத் தரச் சொன்னார்.

பெய்லரை இறக்கினேன். தொண்ணூறு மீட்டர் கயிறு. இறக்கவும் இழுக்கவும் நேரமாகும். அதுவரை ஒலிபெருக்கியில் நாகஸ்வரம் போட்டார்கள். மேலே வந்த பெய்லரை முதல் டம்ளரில் சாய்த்தேன். ஒன்றும் விழவில்லை. இரண்டாவதில் சாய்த்தேன். ஏழிலும் சாய்த்தேன். சிந்தாமல் ஊற்றினேன்.

இயக்குநர் டம்ளரை எடுத்தார். உள்ளே பார்த்தார். எதிரே ஆறு கேமரா. பக்கத்தில் மேலாளரைப் பார்த்தார். மேலாளர் தம் டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் யாராவது ஒருவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். இயக்குநர் அண்ணாந்து குடித்தார். தொண்டைகூட ஏறி இறங்கியது. வாயைத் துடைத்துக்கொண்டு, இளநீர் மாதிரி இருக்கிறது என்றார். கைதட்டல். சுரங்க அதிகாரிகள் நால்வரும் குடித்தார்கள். மேலாளர் குடித்தபோது என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை எந்த இலக்கணத்தாலும் திருத்த முடியாது.

கடைசி டம்ளர் ஊர் சார்பில் அஞ்சலாட்சிக்கு. அவர் அதை வாங்கி, ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் வந்து, வெள்ளைத் துணியின் மேல் கவிழ்த்து வைத்தார். துணி நனையவில்லை. இயக்குநரைப் பார்த்து மரியாதையாகக் கையெடுத்துக் கும்பிட்டார்.

“ஐயா எல்லாத்தையும் குடிச்சிட்டாங்க. எங்களுக்கு மிச்சம் வைக்கல.”

முதலில் பாவாடைதான் சிரித்தான். பிறகு ஊர் முழுவதும் சிரித்தது. ஆறு கேமராவும் அந்தத் துணியையே படம் பிடித்தன. பம்பை யாரும் தொடங்கிவைக்கவில்லை. எங்கள் ஆணைகள் வெள்ளித்தட்டில் அப்படியே இருந்தன, காரில் திரும்பிப் போயின. எனக்குப் பயமாக இருந்தது. இருந்தும் என் வாழ்நாளில் ஒரு மாதிரியைச் சரியாக எடுத்துக் கொடுத்தேன் என்று தோன்றியது.

அக்டோபர் 8

வெறும் டம்ளரைக் குடித்த இயக்குநரை எல்லாருடைய போனிலும் பார்க்கிறேன். டீக்கடையில் இப்போது காலி டம்ளரைக் காட்டி, இயக்குநர் டீ ஒன்று என்று கேட்கிறார்கள். நாலு பம்பையும் நிறுத்திவைத்துவிட்டார்கள். விசாரணைக்கு உத்தரவு. விசாரணை முடியும் வரை பம்பு இறக்கக் கூடாது, அதுவரை ஊருக்குத் தினமும் லாரி, வீடுகளுக்கு நேரடியாக.

எனக்கும் ஓர் ஆணை வந்தது. விசாரணை முடியும் வரை பணி இல்லை. குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். விளக்கமும் கேட்டிருக்கிறார்கள்: விருந்தினர் டம்ளரில் நீர் ஊற்றாதது ஏன்?

அக்டோபர் 21

சின்ன நரியங்குப்பத்துக்கு வந்துவிட்டோம். அஞ்சலாட்சி தெருவில் ஓட்டு வீடு, ஒரே அறை. ராசகுமாரி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அஞ்சலாட்சியோடு முந்திரி உடைக்கப் போனாள். நான் பக்கத்து ஊர்களில் மோட்டார் ரிப்பேர் பார்க்கிறேன்.

நவம்பர் 12

விசாரணைக்கு அழைப்பு. நான்தான் முதல் சாட்சி. என் வாக்குமூலம் இல்லாமல் எதையும் தொடங்கவே முடியாதாம். காய்ச்சல் என்று எழுதி அனுப்பினேன். காய்ச்சல் இருந்தது.

நவம்பர் 26

இரண்டாம் அழைப்பு. மைத்துனர் வீட்டில் கல்யாணம் என்று எழுதினேன். மைத்துனருக்கு மகள் இருக்கிறாள், என்றைக்காவது கல்யாணம் ஆகும்.

டிசம்பர் 5

மூன்றாம் அழைப்பு. கூடவே மேலாளர் தம் கையால் தனியாக ஒரு கடிதம் வைத்திருந்தார். ஒற்றுப்பிழை ஒன்றுகூட இல்லை. திங்கட்கிழமை நான் வந்து, பெய்லர் பழுதாகியிருந்தது என்று ஒரு வரி சொன்னால் போதும். விசாரணை அன்றே முடியும், எனக்கு நிரந்தர ஆணை தயாராக இருக்கிறது. வராவிட்டால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும். முதல் சாட்சி மட்டும் எப்போதும் நான்தான், அதை மாற்ற விதி இல்லை.

விசாரணை முடிந்தால் லாரி நிற்கும், பம்பு வரும். எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

சாயங்காலம் அஞ்சலாட்சி வந்தார். போகாதீர்கள் என்று கேட்பார், கேட்டால் கோபப்படலாம் என்று தயாராக இருந்தேன். அவர் கேட்கவில்லை.

“போய்ட்டு வாங்க சாரு. ஒம்போது வருசம் உழைச்சிருக்கீங்க. உங்களுக்கும் பொழப்பு இருக்குல்ல. நாங்க ஒண்ணும் நெனைக்க மாட்டோம்.”

அவர் போன பிறகு எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த வேலை எனக்கு வேண்டும். பெயர்ப் பட்டியலில் மூன்றாவதாக இருந்தேன், அதை இன்னும் கண்ணுக்குள் வைத்திருக்கிறேன். ராசகுமாரி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவளுடைய விரல் நுனிகளும் கறுத்துவிட்டன. தாளையும் பேனாவையும் எடுத்து என் மடியில் வைத்தாள்.

“என்னான்னு எழுதப் போறீங்க? காய்ச்சல் எழுதியாச்சு, கல்யாணம் எழுதியாச்சு. தண்ணி ஒத்துக்கலன்னு எழுதுங்க.”

எழுதினேன். புதிய ஊரின் தண்ணீர் ஒத்துக்கொள்ளாததால் என்னால் வர இயலவில்லை, குணமானதும் தெரிவிக்கிறேன் என்று. ஒற்றெல்லாம் இரண்டு முறை சரிபார்த்தேன்.

டிசம்பர் 9, செவ்வாய்

பாவாடை சொன்னான். என் இடத்துக்கு நேற்றே வேறு ஆள் சேர்ந்துவிட்டாராம். விசாரணை தேதி குறிப்பிடாமல் தள்ளிவைப்பு. பதினொரு மணிக்கு லாரி வந்தது. நாங்கள் அறுபத்து மூன்றாவது வீடு. நாலு குடம் கிடைத்தது.